பெரட்டுக்கு நின்றவர்கள்

டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குத் தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு இறங்கின. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரைக்கும் முதலில் 1902-இல் ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடிய வண்டி. பிறகு 1908-இல் அங்கே ஒரு குட்டி ரயில் வந்தது. 1924 பெருவெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. கொட்டகுடியில் இறங்கிய பெட்டிகள் மாட்டு வண்டியில் போடிநாயக்கனூருக்கு வந்து, அங்கிருந்து தூத்துக்குடி போய்க் கப்பலேறி இங்கிலாந்து சேர்ந்தன. இவ்வளவும் புத்தகங்களில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பெட்டிகளை நிரப்பிய சனம் எப்படி மேலே ஏறியது என்பதைப் பற்றி அவ்வளவு எழுத்து இல்லை. ஏறினார்கள். நடந்துதான் ஏறினார்கள். தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை.

இன்றைக்கும் போடியில் விடிவதற்கு வெகுநேரம் முன்பே சில தெருக்கள் விழித்துக்கொள்ளும். ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்கள் தூக்குவாளியைக் கையில் பிடித்துக்கொண்டு முக்கில் நிற்பார்கள். ஜீப் வரும். முன்னால் நாலு பேர், பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு மற்றவர்கள். முந்தல் தாண்டியதும் ஏற்றம். 17 கொண்டை ஊசி வளைவுகள் கடந்தால் போடிமெட்டு, அதைத் தாண்டினால் கேரளம். பூப்பாறை, சாந்தாம்பாறைப் பக்கம் இறங்கி, காட்டு மர நிழலுக்குள் அவர்கள் மறைந்துபோவார்கள்.

ஏலக்காய் எடுப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் அதன் பாடு தெரியும். செடி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும். காயோ அடித்தூரிலிருந்து கிளம்பித் தரையோடு தரையாகப் படரும் சரத்தில் இருக்கும். ஆகவே குனிந்து எடுப்பது ஆகாது, குந்தி உட்கார வேண்டும். ஒரு சரத்தில் பூவும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், முற்றிய காயும் இருக்கும். முற்றியதை மட்டும் விரல் நுனியால் கிள்ளி இடுப்புப் பையில் போட வேண்டும். பிஞ்சைத் தொட்டால் வசவு. குந்தியபடியே அடுத்த தூருக்கு நகர வேண்டும். மழைக்காலத்தில் அட்டை ஏறுவது யாருக்கும் பொருட்டே இல்லை. அப்படி எடுத்த பச்சைக் காய் ஐந்து கிலோ, ஸ்டோரில் சூடேற்றிக் காய்ந்து வந்தால் ஒரு கிலோ ஆகும். அந்த ஒரு கிலோதான் ஏலத்துக்குப் போகிறது, விலை பேசப்படுகிறது, கப்பலேறுகிறது.

எங்கள் தெருவில் ஒரு தாத்தா இருந்தார். மலேயாத் தாத்தா என்றுதான் எல்லோரும் சொல்வோம். அந்தப் பெண்கள் ஜீப்புக்குப் போகிற நேரத்துக்கு அவரும் எழுந்துவிடுவார். வாசலில் வந்து இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிமிர்ந்து நிற்பார். "பெரட்டுக்கு நேரமாச்சுல்ல" என்பார். மலேயா ரப்பர் தோட்டங்களில் விடிகாலையில் ஆள் கணக்கெடுப்பதற்குப் பேர் பெரட்டு. ஆள் மேய்க்கும் கங்காணியும் கணக்கெழுதும் கிராணியும் பெயர் கூப்பிட, தொழிலாளிகள் வரிசையில் நிற்க வேண்டும். பெயருக்கு ஆள் இல்லையென்றால் அன்றைக்குக் கூலி இல்லை.

அதே உடம்பு 1943-இல் வேறொரு வரிசையிலும் நின்றது, நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவத்தில், ஐ.என்.ஏ.வில். அதை அவர் சொல்லும்போது குரல் மாறும். "அங்கயும் பெரட்டுத்தான்டா பேராண்டி. ஆனா அங்க நம்மளா போயி நின்னோம்."

இந்தியச் சுதந்திரப் போர் என்றதும் நமக்கு உப்பளமும் சிறையும் நினைவுக்கு வருகின்றன. துப்பாக்கி ஏந்திய போர் என்றால் வங்காளமும் பஞ்சாபும் வருகின்றன. ஏலமலைச் சரிவிலும் ரப்பர்க் காட்டிலும் கூலிகள் என்று கணக்கெழுதப்பட்ட தமிழர்கள், ஆணும் பெண்ணுமாக, அந்தப் போரின் சிப்பாய்களாக இருந்தார்கள் என்பது நம் நினைவின் ஓரத்தில்கூட இல்லை. எனக்கு இது ஆறாத விஷயம். அவர்களைச் சிப்பாய்கள் என்று சொல்லிப் பழக வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மலைக்காரர்கள் மலேயா போனது இரண்டு தலைமுறைக் கதை. நாகப்பட்டினத்தில் கப்பலேறுவார்கள். ரஜுலா என்ற கப்பலின் பெயர் மலேயா போய் வந்த குடும்பங்களில் இன்றும் புழங்குகிறது. 1926-இல் கட்டி இறக்கிய கப்பல் அது. சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று போய் வந்தது. ஒரு வீட்டில் இரண்டு ஆண்பிள்ளைகள் இருந்தால் ஒருவன் மூணாற்றுக்கு, இன்னொருவன் மலேயாவுக்கு. ஆள் கட்டியது அதே கங்காணி முறை. போய்ச் சேர்ந்த இடத்தில் தொழிலாளிகள் குடியிருக்க அதே லயத்து வரிசை, அதே பெரிய துரை சின்ன துரை. மரம்தான் வேறு. 1938-இல் இந்திய அரசு மலேயாவுக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. அதற்குள் அங்கே லட்சக்கணக்கில் நம் சனம்.

சைக்கிள் கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். தாத்தா அதைத் திரும்பத் திரும்பச் சொல்வார். "தொர எதுக்க வந்தா சைக்கிள விட்டு எறங்கி நிக்கணும். அவரு போன பொறகுதான் ஏறணும். மழையா இருந்தாலும் சரி, புள்ளத்தாச்சியப் பின்னால வச்சிருந்தாலும் சரி." சிறுவனாக இருந்தபோது இதைக் கிழவரின் மிகைப்பேச்சு என்று நினைக்க எனக்கு இடமே இருக்கவில்லை, அவர் முகம் அப்படி இருக்கும். பின்னாளில் கிள்ளான் வேலைநிறுத்தத்தைப் பற்றிப் படித்தேன். 1941-இல் கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டத் தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். ஆர்.எச். நாதன் என்பவர் முன்னின்றார். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடுவது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று போன அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று, துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பது. நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளிகள் செத்தார்கள். நேதாஜி சிங்கப்பூரில் கால் வைப்பதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்னால் நடந்தது இது. தோட்டத் தமிழர்களைப் போருக்குத் தயார் செய்தது போஸின் பேச்சு மட்டும்தான் என்று எழுதுகிறவர்கள் கிள்ளானை ஒருமுறை படித்துவிட்டு எழுதினால் நல்லது.

துரைமார்களிடமும் ஒரு படை இருந்தது. தென்னிந்திய மலைத்தோட்டங்களில் வெள்ளைக்கார துரைகள் சேர்ந்து வைத்திருந்த தன்னார்வக் குதிரைப்படை அது. சதர்ன் ப்ராவின்சஸ் மவுண்டட் ரைஃபிள்ஸ் என்று பெயர். வார நாட்களில் தோட்டத்தைப் பார்ப்பார்கள், குறித்த நாட்களில் துப்பாக்கிப் பயிற்சி. ஏதாவது கலகம் என்றால் அரசுக்குக் கை கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. 1947-இல் அது கலைந்துபோனது. மலேயாவிலும் அப்படியே. அங்கே ரப்பர் தோட்டத்துத் துரைகள் மலாய் நாடுகளின் தொண்டர் படையில் இருந்தார்கள். தோட்டத்தில் துப்பாக்கி யார் கையில் இருந்தது, கத்தி யார் கையில் இருந்தது என்பது இரண்டு மலைகளிலும் ஒன்றுதான். அவன் கையில் ரைஃபிள், நம் ஆள் கையில் பால் வெட்டுகிற உளி.

துரைமார்களின் குடும்பங்களையும் நான் மறக்கவில்லை. பழைய மூணாற்றில் குன்றின்மேல் ஒரு கிறிஸ்து ஆலயம் இருக்கிறது. ஆலயம் 1910-ஐ ஒட்டி எழுந்தது. கல்லறைத் தோட்டமோ அதற்கு முன்பே வந்துவிட்டது. கல்யாணமாகி இங்கிலாந்திலிருந்து வந்த எலினார் இசபெல் மே என்ற இளம்பெண் 1894-இல் காலராவில் இறந்து அந்தக் குன்றில் புதைக்கப்பட்டாள். அந்தக் கல்லறைக்கு முன்னால் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இருபத்து நாலு வயதுப் பிள்ளை, கண்காணாத மலையில். காலரா அவளை மட்டும் கொண்டு போகவில்லை. காலராவிலும் மலேரியாவிலும் செத்த எத்தனையோ கூலிப் பெண்கள் அதே மலையில் எங்கெங்கோ இருக்கிறார்கள். அவளுக்குக் கல் இருக்கிறது, பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது. மற்றவர்களைப் புதைத்த இடத்தில் இன்று தேயிலை நிற்கிறது.

1941 டிசம்பர் 8 அன்று ஜப்பான்காரன் கோத்தா பாருவில் இறங்கினான். பத்து நாள்கூட ஆகவில்லை, பினாங்கிலிருந்த வெள்ளைக்காரர்களை இரவோடு இரவாகப் படகேற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். ஆசியர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விடிந்து பார்த்தால் துரை இல்லை. தாத்தா இருந்த தோட்டத்திலும் அதே கதைதானாம். வழக்கம்போலப் பெரட்டுக்குப் போய் நின்றிருக்கிறார்கள். பெயர் கூப்பிட ஆளில்லை. கிராணி மட்டும் பேரேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார் என்பார். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரும் விழுந்தது.

அதற்குப் பிறகு வந்தது பட்டினி. ரப்பர் வாங்க நாதியில்லை, அரிசி வரத்து இல்லை. மரவள்ளிக் கிழங்கு. சாக்கைக் கிழித்து உடுத்திய காலம். அப்போதுதான் சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று ஜப்பான்காரன் தோட்டம் தோட்டமாக வந்தான். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம், நல்ல சம்பளம் என்று முதலில் சொன்னார்கள். பிறகு சினிமா காட்டுகிறோம் என்று கூப்பிட்டு வைத்து லாரியில் ஏற்றினார்கள். 415 கிலோமீட்டர். 1942-இன் பிற்பாதியில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் அங்கே பட்ட பாட்டுக்குச் சினிமா உண்டு, பராமரிக்கப்படும் இடுகாடு உண்டு, பெயர்ப்பட்டியல் உண்டு. அவர்களில் செத்தது 12,000 பேருக்கு மேல். ஆசியத் தொழிலாளிகள் அதைப்போலப் பல மடங்கு, 90,000 பேர் வரை இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதில் பெருங்கூட்டம் மலேயாத் தோட்டத்துத் தமிழர்கள்.

தாத்தாவின் அண்ணன் அந்த லாரியில் ஏறியவர். திரும்பவில்லை.

தாத்தா ஏறியது வேறு லாரி. 1943 ஜூலையில் போஸ் சிங்கப்பூர் வந்தார். அக்டோபர் 21 அன்று கேத்தே தியேட்டரில் ஆசாத் ஹிந்த் தற்காலிக அரசை அறிவித்தார். தோட்டங்களிலெல்லாம் இந்திய சுதந்திரச் சங்கத்துக் கிளைகள் முளைத்தன. பட்டினிக்குப் பயந்து, சயாமுக்குப் பயந்து படையில் சேர்ந்தவர்கள்தானே அதிகம் என்று சிலர் கேட்பதுண்டு. சேர்ந்திருப்பார்கள். பசித்தவன் படையில் சேர்ந்தால் அவன் படைவீரன் இல்லையா? வேறு எந்த நாட்டுப் பட்டாளத்தைப் பற்றியும் யாரும் இப்படிக் கேட்பதில்லை. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சேர்ந்த நம்மூர்ப் பிள்ளைகளும் சம்பளத்துக்கும் மணியார்டருக்கும்தான் சேர்ந்தார்கள். அவர்களுடைய வீரத்தை நாம் குறைத்துப் பேசுவதில்லை, பேசவும் கூடாது.

எங்கள் தெருவில் அப்படி ஒருவரும் இருந்தார். பட்டாளத்துத் தாத்தா. மதராஸ் சாப்பர்ஸில் இருந்து பர்மாப் போர்முனையில் பாலம் போட்டவர். மலேயாத் தாத்தா ரங்கூன் பக்கத்தில், அவர் இம்பால் பக்கத்தில். ஒரே போர், எதிரெதிர்ப் பக்கம். சாயங்காலம் இருவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார்கள். "மாப்ள, அந்த மழை இருக்கே..." என்று பட்டாளத்துத் தாத்தா ஆரம்பிப்பார். 1944 மழை. அந்த மழையில்தான் இம்பால் பக்கம் போன ஐ.என்.ஏ. படைகள் அரிசியில்லாமல், மருந்தில்லாமல், மலேரியாவில் விழுந்து திரும்பின. ஏப்ரல் 14 அன்று மொய்ராங்கில் கொடி ஏற்றியவர்கள் ஜூலையில் புல்லைத் தின்றபடி திரும்பி நடந்தார்கள். இவர்கள் இருவரும் அதைப் பேசும்போது எந்தப் பக்கத்து மழை என்று பிரித்துப் பேசியதே இல்லை. முறைக்கு மாமனும் மச்சானும். ஒருவருக்கு மாதாமாதம் பென்ஷன் வந்தது, ஒருவருக்கு வரவில்லை. அந்தப் பேச்சு மட்டும் திண்ணையில் எழாது.

போடி ரயிலும் அந்தப் போருக்குப் போனதுதான். 1928-இல் மதுரையிலிருந்து வந்த தண்டவாளத்தை உலகப் போர்க் காலத்தில் பெயர்த்தெடுத்தார்கள். 1950-களில்தான் மறுபடி போட்டார்கள். அப்புறம் அகலப்பாதை ஆக்குகிறோம் என்று நீண்ட காத்திருப்பு. 2023 ஜூன் 15 அன்று போடிக்கு மீண்டும் ரயில் வந்தபோது ஊரே ஸ்டேஷனில் நின்றது. அந்தக் கூட்டத்தில் எனக்கு அப்பத்தா சொன்னது நினைவுக்கு வந்தது. தண்டவாளத்தை எடுத்துக்கொண்டு போனபோது, மலேயாவிலிருந்து தம்பி வந்தால் எதில் வருவான் என்று அவள் அழுதாளாம். மலேயாத் தாத்தா அவளுக்கு ஒன்றுவிட்ட தம்பி. 1942-லிருந்து கடிதம் இல்லை.

அந்தத் தம்பி பிறகு போருக்குப் போனது சயாம் ரயிலில். இதை அவர் ஒரே ஒரு முறைதான் என்னிடம் விரிவாகச் சொன்னார். மலேயாவிலிருந்து பர்மாவுக்குப் படையை அனுப்பியது எந்தப் பாதையில் தெரியுமா? அண்ணன்மார்கள் செத்துச் செத்துப் போட்ட அந்தப் பாதையில்தான். சரக்குப் பெட்டி. கதவைக் கொஞ்சம் திறந்து வைத்திருப்பார்களாம். குவாய் ஆற்றுப் பாலத்தில் வண்டி மெதுவாகப் போகும். தோட்டத்துப் பிள்ளைகள் யாரும் பேசவில்லையாம். வடக்கத்தி ஹவில்தார் ஒருவர் ஏன் பாடாமல் வருகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். யாரோ தெரிந்த அரைகுறை இந்துஸ்தானியில் சொன்னதும் அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாராம். "எங்க அண்ணன் போட்ட கட்டை எதுன்னு தெரியலையேடா" என்று தாத்தா சொன்னார். அவருக்கு அப்போது இருபது வயது.

அதே பாதையில்தான் ஜான்சி ராணிப் படைப் பெண்களும் போனார்கள். படைக்குத் தலைவி கேப்டன் லட்சுமி, சென்னையில் படித்த டாக்டர். 1943 ஜூலையில் சேலை கட்டிய பெண்களைத் துப்பாக்கியோடு நிறுத்தி நேதாஜிக்கு மரியாதை அணிவகுப்புக் கொடுத்தவர். அக்டோபரில் சிங்கப்பூரில் பயிற்சி முகாம் திறந்தது. கோலாலம்பூரிலிருந்து ஜானகி தேவர் வந்தார், பதினெட்டு வயது. போஸின் கூட்டத்துக்குப் போனவர் காதிலிருந்த வைரத் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்ததாகச் சொல்லியிருக்கிறார். ஈப்போவிலிருந்து ராசம்மா வந்தார். இவர்களெல்லாம் படித்த குடும்பத்துப் பெண்கள். பின்னாளில் பேட்டி கொடுத்தார்கள், புத்தகங்களில் வந்தார்கள். ஜானகிக்கு 2000-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அத்தனையும் தகும். ஆனால் அந்தப் படையின் பெரும்பகுதி பால் மரம் வெட்டிய பெண்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள், முகாமில் வைத்து ரோமன் எழுத்தில் இந்துஸ்தானி படித்தவர்கள்.

தாத்தாவின் லயத்திலிருந்து ஒரு பெண் போனாள். பெயர் சொல்வார், நான் இங்கே எழுதவில்லை. அவளுடைய பிள்ளைகள் எங்கோ இருக்கலாம். படையில் சேர்ந்த முதல் வாரம் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது துப்பாக்கியின் கனம் அல்ல. இருட்டில் எழுந்து நிற்பதும் அல்ல. அது தோட்டத்திலேயே பழக்கம். பூட்ஸ் போட்டுக்கொள்வதுதான். பிறந்ததிலிருந்து செருப்புப் போடாத கால். விரல்கள் விரிந்து அகன்ற பாதம், எந்த அளவிலும் நுழையவில்லை. கடைசியில் ஆண்களுக்கான பூட்ஸில் துணியைத் திணித்துக் கொடுத்தார்களாம்.

1945 ஏப்ரல் 24 அன்று ஜான்சி ராணிப் படைப் பெண்கள் ரங்கூனை விட்டுக் கிளம்பினார்கள். பகலில் விமானம் சுடும், அதனால் இரவில்தான் பயணம். லாரிகள் சேற்றில் மாட்டிக்கொண்ட பிறகு நடை. காரில் போகச் சொல்லியும் கேட்காமல் போஸும் அந்தப் பெண்களோடு நடந்தார். பாதம் முழுக்கக் கொப்புளம். பெண்களைப் பத்திரமாக வீடு சேர்த்துவிட வேண்டும் என்பதில் அவர் விடாப்பிடியாக இருந்தார் என்று கூட நடந்த அய்யர் எழுதியிருக்கிறார். எஸ்.ஏ. அய்யர், தற்காலிக அரசில் பிரசாரத் துறை பார்த்த நம் தமிழர்.

தாத்தா அந்த நடையில் இல்லை. ரங்கூனிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். ஜப்பான்காரன் ஓடிவிட்டான், பிரிட்டிஷ்காரன் இன்னும் வந்து சேரவில்லை, நடுவில் ஊரைக் காப்பது யார்? மேஜர் ஜெனரல் லோகநாதன் தலைமையில் ஐந்தாறாயிரம் பேரை விட்டுவிட்டுப் போனார் போஸ். லோகநாதனும் தமிழர், டாக்டர். 1942-இல் பர்மாவிலிருந்த இந்தியர்கள் காட்டு வழியில் நடந்து செத்தது எல்லோருக்கும் நினைவிருந்தது. இந்த முறை ரங்கூனில் இந்தியக் கடைகளோ வீடுகளோ சூறையாடப்படாமல் இருந்ததென்றால் அதற்கு இந்தப் பிள்ளைகள் முக்கில் முக்கில் காவல் நின்றதுதான் காரணம். பால் வெட்டியவன் ஒரு நகரத்தைக் காத்திருக்கிறான்! மே முதல் வாரத்தில் பிரிட்டிஷ் படை வந்ததும் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டுச் சிறைக்குள் போனார்கள்.

சிங்கப்பூர்க் கடற்கரையில் செத்த வீரர்களுக்காக ஒரு நினைவுச்சின்னம் வைத்திருந்தார் போஸ். 1945 ஜூலையில் அடிக்கல். செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷ் ராணுவம் வெடி வைத்து அதைத் தகர்த்தது. நவம்பரில் டில்லி செங்கோட்டையில் ஐ.என்.ஏ. அதிகாரிகள் ஷா நவாஸ், சேகல், தில்லான் மூவர்மீதும் வழக்கு. நாடே கொதித்தது. மதுரைச் சீமையில் முத்துராமலிங்கத் தேவர் சிறையிலிருந்து வெளிவந்திருந்தார். அவர் நடத்திய பத்திரிகையின் பெயரே 'நேதாஜி'. அந்த வருடங்களில் நம் பக்கத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு சுபாஷ், போஸ், லட்சுமி என்று பெயர் வைத்தார்கள். மலேயாத் தாத்தா அப்போது மலேயாவில், மறுபடி அதே லயத்தில், மறுபடி அதே பெரட்டுக் களத்தில். துரை திரும்பி வந்திருந்தார்.

ஆனால் வரிசையில் நின்ற ஆட்கள் பழைய ஆட்கள் இல்லை. கெடாவில் பீடோங் பக்கம் ஹார்வர்ட் என்றொரு தோட்டம். 1947-இல் ஏ.எம். சாமி என்பவர் அங்கே தொண்டர் படை அமைத்தார். இளைஞர்கள் விடியற்காலையில் அணிவகுத்துப் பழகினார்கள். ஐ.என்.ஏ.வில் கற்ற நடை. கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்தார்கள். தோட்டத்துக் கள்ளுக்கடை தொழிலாளியின் கூலியை அவன் கையிலிருந்தே பிடுங்கிக்கொள்ளும் கடை. தாத்தா அந்தப் படையில் இருந்தார். போலீஸ் வந்தது, அடித்தது, துப்பாக்கி எடுத்தது, கூட்டம் கூட்டமாகச் சிறைக்கு அனுப்பியது. நம் வரலாற்றில் ஐ.என்.ஏ. 1945-இல் முடிந்துவிடுகிறது. தோட்டத்துக்காரர்களுக்கு அது முடியவில்லை.

1948 ஜூன் 16 அன்று பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்ட் கொரில்லாக்களின் போர் தொடங்கியது. அவசர காலம் என்று பெயர் வைத்து பன்னிரண்டு வருடம் ஓட்டினார்கள். துரை பங்களாவைச் சுற்றி முள்வேலி, மணல் மூட்டை, இரவெல்லாம் விளக்கு. துரைசானி கைத்துப்பாக்கியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு பிள்ளைகளோடு படுத்திருப்பாள். அந்தப் பயம் உண்மையானது. லயங்களையும் பிரித்து ஓரிடத்தில் சேர்த்து வேலி போட்டார்கள். கொரில்லாவுக்குச் சோறு போகக் கூடாதென்று, காலையில் வெட்டுக்குப் போகிறவனை வாசலிலேயே தடவிப் பார்த்து அனுப்பினார்கள். "தூக்குவாளியக் கொண்டு போக விடல. வெறும் வயித்தோட மரம் வெட்டணும், ரெண்டு மணிக்கு வந்து திங்கணும்." காவலுக்கு நின்ற சிறப்புக் காவல்காரர்களில் மலாய்க்காரர்களோடு நம் தோட்டத்துப் பிள்ளைகளும் உண்டு. வேலிக்கு வெளியே காட்டில் இருந்தவர்களிலும் நம் பிள்ளைகள் சிலர் உண்டு. 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்ட எஸ்.ஏ. கணபதி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், ஐ.என்.ஏ.வில் இருந்தவர், மலேயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர். துப்பாக்கி வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. இந்திய அரசு எவ்வளவோ கேட்டும் அவரை உயிரோடு விடவில்லை.

அந்தத் தூக்குக்குப் பிறகுதான் தாத்தா ஊர் திரும்பும் முடிவுக்கு வந்தார். ரஜுலாவில் வந்து இறங்கி, ரயில் இல்லாத போடிக்குப் பஸ்ஸில் வந்தார். இங்கே ஏலத்தோட்டத்தில் மேஸ்திரியாகச் சேர்ந்தார். பெண்களை விரட்டி வேலை வாங்கத் தெரியாத மேஸ்திரி என்று பேர் எடுத்தார். ஆறே மாதத்தில் வேலை போய்விட்டது.

1972-இல் சுதந்திரத்தின் வெள்ளி விழாவை ஒட்டி மத்திய அரசு தியாகிகள் ஓய்வூதியம் கொண்டுவந்தது. ஐ.என்.ஏ.வினரும் அதற்குத் தகுதி உள்ளவர்கள். ஆறு மாதமாவது சிறையில் இருந்திருக்க வேண்டும், அதற்குச் சான்று வேண்டும். தாத்தாவிடம் இருந்தது பித்தளைப் பொத்தான் ஒன்றும் மலாய் நாட்டுப் பழைய அடையாளச் சீட்டும். "ரங்கூன் ஜெயில்ல இருந்ததுக்குச் சீட்டு வாங்கி வச்சுக்கணும்னு அப்ப எவனுக்குத் தெரியும்?" என்று பட்டாளத்துத் தாத்தாவிடம் ஒரு தடவை கேட்டதாகச் சொல்வார்கள். மதராஸ் சாப்பர்ஸ்காரர் எழுந்து போய், தன் பென்ஷன் பணத்தில் பாதியைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார் என்றும், இவர் அதைத் தொடவில்லை என்றும் அப்பத்தா சொல்லியிருக்கிறாள். சுதந்திர இந்தியா ஐ.என்.ஏ. வீரர்களைத் தன் ராணுவத்திலும் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை.

அவர் சொன்ன அந்த லயத்துப் பெண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்த மிச்சம் இவ்வளவுதான். 1945-இல் தோட்டத்துக்குத் திரும்பி வந்தாள். பழைய உளியையே எடுத்துக்கொண்டாள். கங்காணி ஒருநாள் பெரட்டில் கை நீட்டினான், அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினாள். கத்தவில்லை, அடிக்கவில்லை. பிடித்து இறக்கினாள். அதன் பிறகு அந்தத் தோட்டத்தில் பெண்கள்மீது யாரும் கை நீட்டவில்லை என்று தாத்தா சொன்னபோது அவர் கண்ணில் தெரிந்த பெருமையை இம்பாலைப் பற்றிப் பேசும்போது நான் கண்டதில்லை.

2015 செப்டம்பரில் மூணாற்றில் கண்ணன் தேவன் தோட்டத்துப் பெண்கள் சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். முந்தின வருடங்களில் கிட்டத்தட்ட 20 சதவீதமாக இருந்த போனஸ் 10 சதவீதமாகக் குறைந்ததுதான் தொடக்கம். தினக்கூலி 232 ரூபாய். அதை 500 ஆக்கச் சொன்னார்கள். பேச வந்த தொழிற்சங்கத் தலைவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஆண்கள் யாரும் முன்னால் வரக் கூடாது, எங்களுக்காக நாங்களே பேசுகிறோம் என்றார்கள். ஒன்பது நாள் பெண்கள் ஒற்றுமை, பெம்பிளை ஒருமை, மூணாற்றை நிறுத்தி வைத்தது. லிஸ்ஸி, கோமதி, இந்திராணி என்று அவர்களுடைய பெயர்கள் இந்த முறை செய்தித்தாள்களில் வந்தன. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஜீப்பை விட்டு இறங்கி, மூணாறு பஸ்ஸைப் பிடித்து, அவர்களோடு ஒருநாள் உட்கார்ந்துவிட்டு வந்தார். அன்றைய கூலி போனது. போனஸ் 20 சதவீதமாயிற்று. அக்டோபரில் பேச்சுவார்த்தை முடிந்தபோது தேயிலைக்கு 301, ரப்பருக்கு 381 ரூபாய் என்று கூலி நிர்ணயமானது. ஏலக்காய்த் தோட்டத்துக்கு 330.